சீட்டு மாறி வந்துவிட்டால் மேடையில் எப்படி மீள்வது?

கருங்கல் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். வித்தை செய்கிறது நான் இல்லை, என் மகள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அவள் மாமா வாங்கிக் கொடுத்த சீட்டுக்கட்டை வைத்துக்கொண்டு யூடியூப் பார்த்துத் தானாகவே பழகியது, வீட்டுக்குச் சொந்தபந்தங்கள் வந்தால் அழகாகச் செய்து காட்டுவாள். பள்ளி ஆண்டுவிழாவில் கூடப் படிக்கிற பையனை மேடைக்குக் கூப்பிட்டுச் சீட்டு எடுக்கச் சொன்னாள், அவன் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகினான், கலைத்தாள், "இதுதானே உன் சீட்டு" என்று தூக்கிக் காட்டினாள், அவன் இல்லை என்றான். அவ்வளவுதான், கையில் சீட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். யாரும் கேலி செய்யவில்லை. ஒரு டீச்சர் மைக்கை வாங்கி "பரவாயில்லை, எல்லாரும் கைதட்டுங்க" என்றார். அந்தக் கைதட்டல்தான் தாங்க முடியவில்லை என்று ராத்திரி சொல்லி அழுதாள்.

இப்போது சர்ச்சில் வி.பி.எஸ். (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) நிறைவு நாளில் பத்து நிமிடம் செய்யச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். மாட்டேன் என்கிறாள். நன்றாகப் பழகு என்று சொல்லிப் பயனில்லை, பழகிக்கொண்டுதான் இருக்கிறாள். தப்பு நடந்துவிட்டால் அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதைத் தனியாகப் பழக முடியுமா? நம்ம குமரி மாவட்டத்தில் மேடையில் செய்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

வடசேரி அண்ணாச்சி:

தங்கச்சி, முடியும். நான் பள்ளிக்கூடம், கோயில் கொடை, சர்ச் பெருவிழா, கல்யாண மண்டபம் எல்லா இடத்திலும் செய்கிறவன், அதை வைத்துச் சொல்கிறேன்.

பிள்ளைக்கு முதலில் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். வித்தை எப்படி முடியப் போகிறது என்பது அந்த மண்டபத்தில் அவள் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. நாங்கள் பல வித்தைகளில் தவறான சீட்டை வேண்டுமென்றே காட்டுவோம், "இல்லை" என்று சொன்ன பிறகு அதே சீட்டை அவர் கையிலேயே கவிழ்த்து வைத்துச் சரியான சீட்டாக மாற்றிக் காட்டுவோம், ஜனங்கள் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார்கள். அதனால் அந்தப் பையன் இல்லை என்றதும் "சரி, இனிமேல் என்ன செய்யப் போகிறாள்" என்றுதான் கூட்டம் பார்த்திருக்கும். அவள் முகம் மாறிய பிறகுதான் அவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கும்.

இனி வேலை சம்பந்தப்பட்டது. "இதுதானே உன் சீட்டு" என்று முகத்தைத் தூக்கிக் காட்டுகிற பழக்கத்தை முதலில் விடச் சொல்லுங்கள். சீட்டை எடுத்துக் கவிழ்த்தபடியே மேசையில் வைக்கட்டும். அப்புறம் "இதுவரை உன் சீட்டு என்னன்னு நான் கேக்கவே இல்ல, இப்போ எல்லாருக்கும் கேக்குற மாதிரி சத்தமா சொல்லு மக்கா" என்று கேட்கட்டும். அவன் ஆட்டின் ஏழு என்கிறான், மேசையில் இருப்பதும் ஆட்டின் ஏழு என்றால் மெதுவாகத் திருப்பிக் காட்டிக் கைதட்டல் வாங்கலாம். வேறு சீட்டாக இருந்தால் யாரும் முகத்தைப் பார்க்கவில்லை, அது அப்படியே கட்டுக்குள் திரும்பிப் போகலாம், இப்போது அவள் எந்தச் சீட்டைத் தேட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். இதில்தான் விஷயமே இருக்கிறது. சீட்டின் பெயர் வாயில் வந்துவிட்டால் அதற்கு மேல் தோல்வி என்பது கிட்டத்தட்ட இல்லை. "கட்டை ஒரு தடவை பாக்கேன், உன் கண்ணு உன்னைக் காட்டிக் கொடுக்கும்" என்று சொல்லிக்கொண்டே முகத்தைத் தன் பக்கம் வைத்து விரித்துப் பார்த்தால் சீட்டு அகப்பட்டுவிடும்.

அகப்பட்ட பிறகு முடிப்பதற்கு அவளுக்கு ரெண்டு மூன்று வழி கைவசம் வேண்டும். சீட்டு மேலே ஏறி வந்துவிட்டது என்று முடிக்கலாம், கட்டில் அது ஒன்று மட்டும் திரும்பிக் கிடக்கிறது என்று முடிக்கலாம், அவன் நிறுத்தச் சொன்ன இடத்திலேயே இருக்கிறது என்று முடிக்கலாம். இதைத்தான் நாங்கள் அவுட் என்கிறோம். புதிதாக எதுவும் வேண்டாம், அவளுக்குத் தெரிந்த வித்தைகளின் கடைசிப் பாதியை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்துப் பழகினால் போதும்.

குலசேகரம் டிராயிங் சார்:

எனக்கு வித்தை தெரியாது. ஆனால் மேடைக்குக் கூப்பிடப்பட்டவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பள்ளிக்கு ஒருவர் வந்திருந்தார், என்னைக் கூப்பிட்டுச் சீட்டு எடுக்கச் சொன்னார், கடைசியில் அவர் காட்டியது என் சீட்டு இல்லை. இல்லை என்றேன். அவர் சிரித்துக்கொண்டே "சாருக்கு ஞாபகமறதி, பிள்ளைங்களுக்கு எப்படிப் பாடம் நடத்துறாரோ" என்று மைக்கில் சொல்லிவிட்டு அடுத்த வித்தைக்குப் போய்விட்டார். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். அவருக்கு மேடை மீண்டுவிட்டது, எனக்கு அந்த வருடம் முழுக்க அந்தப் பேச்சு இருந்தது.

கூப்பிட்டதும் நம்பி எழுந்து வந்தவரின் தலையில் பழியைப் போட்டுத் தப்பிப்பதை மீள்வது என்று யாரும் சொல்லக் கூடாது. அந்தப் பெண் அமைதியாக நின்றாளே தவிர அந்தப் பையனைக் குறை சொல்லவில்லை. அதற்காகவே அவளை நான் பாராட்டுவேன், இதை அவளிடம் கட்டாயம் சொல்லுங்கள் அம்மா.

வடசேரி அண்ணாச்சி:

சார் சொன்னதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டியது. உண்மையிலேயே சீட்டை மறந்துவிடுகிறவர்கள் உண்டு, மேடைக்கு வந்த கூச்சத்தில் சீட்டைப் பார்த்தும் மனதில் ஏறாது. வேண்டுமென்றே மாற்றிச் சொல்கிறவர்களும் கல்யாண வீடுகளில் உண்டு. அப்போதும் பழி அவர்மேல் வரக் கூடாது. அதற்கு ஏற்பாடு முன்னாலேயே செய்ய வேண்டும். எடுத்த சீட்டைக் கூட்டத்துக்கும் காட்டச் சொல்லிவிட்டு நாம் திரும்பி நின்றுகொள்ளலாம், அப்படியென்றால் ஞாபகம் வைத்திருக்கிற பொறுப்பு ஒருவருக்கு மட்டும் இல்லை. பெரிய மண்டபம் என்றால் பின்வரிசைக்குச் சீட்டு தெரியாது, ஸ்கெட்ச் பேனாவால் ஒரு அட்டையில் பெரிதாக எழுதிக் காட்டச் சொல்லலாம். அவர் ஒன்று சொல்லி அட்டை ஒன்று சொன்னால் கூட்டமே திருத்திவிடும், நாம் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

களியக்காவிளை:

அண்ணாச்சி மேல் மரியாதை உண்டு, ஆனால் எல்லாவற்றையும் மூடி மறைக்க முடியும் என்கிற எண்ணம் எனக்கு ஒப்பவில்லை. சீட்டு மாறினது சரி, அதை மாற்றி முடிக்கலாம். வித்தைக்காகக் கட்டைவிரலில் மாட்டியிருந்த சாமான் கழன்று மேடையில் உருண்டால்? நூல் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தால்? முன்வரிசையில் எல்லார் கையிலும் போன் இருக்கிறது, வீடியோ ஓடிக்கொண்டிருக்கிறது. அப்போது "இதுவும் வித்தையின் பகுதிதான்" என்பது மாதிரி நடந்துகொண்டால் அவர்கள் அறிவை நாம் மதிக்கவில்லை என்றாகிவிடும். "இது இன்னைக்குச் சரியா வரல" என்று ஒரே வாக்கியம், சாதாரணக் குரலில், மன்னிப்பும் விளக்கமும் இல்லாமல், உடனே அடுத்த வித்தை. கூட்டம் அதைப் பத்து நொடியில் விட்டுவிடும். நாம்தான் விட மாட்டோம்.

தப்பு செய்வதையே பாணியாக வைத்துக்கொண்டு பெரிய ஆளானவரும் உண்டு. இங்கிலாந்தில் டாமி கூப்பர் என்று ஒருவர், வித்தை எல்லாம் சொதப்பும், ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அடிப்படையில் நல்ல கைவேலைக்காரர், அதனால்தான் எங்கே சொதப்ப வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. சிலர் பிள்ளைகளுக்கு இந்த வழியைச் சொல்லிக் கொடுக்கிறார்கள், தப்பு வந்தால் உன்னையே கேலி செய்துகொள் என்று. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1984 ஏப்ரல் 15-ல் நேரடி ஒளிபரப்பில் கூப்பர் மாரடைப்பு வந்து மேடையிலேயே சரிந்தார், அதையும் வித்தை என்று நினைத்து அரங்கம் சிரித்தது. தப்பு எல்லாம் வேடிக்கை என்று கூட்டத்தைப் பழக்கிவிட்டால் நிஜமான தப்பை அவர்களால் பிரித்துப் பார்க்க முடியாது.

முட்டம் கடற்கரை:

நான் சிறுவர் நிகழ்ச்சிகளும் வி.பி.எஸ்.ஸும்தான் அதிகம் செய்கிறேன், அதனால் கருங்கல் அம்மாவுக்கு நேராகவே பயன்படும் சில விஷயங்கள்.

முதலில் காற்றும் ஈரமும். நம்ம கடலோரத்தில் சாதாரண அட்டைச் சீட்டு ஒரு சாயங்காலத்திலேயே ஈரம் குடித்து வீங்கி ஒன்றோடு ஒன்று ஒட்டும். வீட்டில் மின்விசிறிக்குக் கீழே வழுக்கிக்கொண்டு போன சீட்டு மேடையில் ரெண்டு ரெண்டாக வரும். நம் மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டு, உலர்ந்த காற்று என்பதே கொஞ்ச நாள்தான். பாதித் தப்பு கைத்தப்பு இல்லை, சீட்டுத் தப்பு. நல்ல கட்டு ஒன்றை மேடைக்கென்று தனியாக மூடின டப்பாவில் வைத்து, வீட்டுப் பழக்கத்துக்கு வேறு கட்டு வைத்துக்கொள்ளட்டும். டால்கம் பவுடர் போடச் சொல்வார்கள், போட வேண்டாம், வியர்வையோடு சேர்ந்து கட்டிகட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கையைத் துடைக்க ஒரு பருத்திக் கைக்குட்டை மேசையில் இருக்கட்டும், அது பட்டுக் கைக்குட்டை வித்தைக்கும் மறைப்பாக இருக்கும்.

திறந்தவெளி மேடை என்றால் சீட்டே வேண்டாம். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் எதற்கு வரிசையாக நிற்கின்றன என்று எல்லாருக்கும் தெரியும், ஆடி மாதத்தில் அங்கே மெழுகுவர்த்திகூட ஏற்ற முடியாது.

அடுத்தது மைக். இதை யாருமே சொல்லித் தர மாட்டார்கள். விழா மேடைகளில் கையில் பிடிக்கிற மைக்தான் கொடுப்பார்கள், ஒரு கையில் மைக் வந்துவிட்டால் ரெண்டு கை வேண்டிய வித்தை எதுவும் நடக்காது. வீட்டில் மைக் இல்லாமல் பழகின பிள்ளை அங்கேதான் தடுமாறும். முன்கூட்டியே சவுண்ட் சர்வீஸ்காரரிடம் ஸ்டாண்டு கேளுங்கள், கிடைக்காவிட்டால் யாராவது ஒருவர் பக்கத்தில் நின்று பிடிக்கட்டும்.

மூன்றாவது, பிள்ளைகள் கத்துவது. "அக்கா கையில ஒளிச்சு வச்சிருக்கு" என்று ஒருவன் கத்துவான், அதுவும் சரியாகவே கத்துவான். பெரியவர்கள் பார்த்தாலும் சும்மா இருப்பார்கள், பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். இல்லை என்று மறுத்தால் அவன் எழுந்து மேடைக்கே வந்துவிடுவான். "நல்ல கண்ணு மக்களே உனக்கு, இங்க வா, இதைப் பிடிச்சுக்கோ" என்று கூப்பிட்டு வேறு வேலை கொடுத்துவிட வேண்டும். அவனே இனி நம் கட்சி. எனக்குக் கிடைத்த நல்ல உதவியாளர்கள் எல்லாம் அப்படிக் கத்தினவர்கள்தான்.

நெறியாளர்:

இழை நன்றாகப் போகிறது. ஒரே ஒரு வேண்டுகோள், வித்தைகளின் உள்வேலையை முழுதாக எழுதாதீர்கள். ஒரு பதிவில் நாலு வரியை நீக்கியிருக்கிறேன். தப்பு வந்தால் எப்படிச் சமாளிப்பது என்பது வரைக்கும் பேசலாம்.

தோவாளை:

ஒரு கேள்வி. சீட்டு, காசு எல்லாம் சரி. ஆணி, கத்தி, நெருப்பு, தண்ணீர் வைத்துச் செய்கிறவர்கள் தப்பு வந்தால் என்ன செய்வார்கள்? எங்கள் பக்கம் ஒரு பையன் காகிதக் குவளைக்குள் ஆணியை நிறுத்தி வைத்து மற்றக் குவளைகளை உள்ளங்கையால் அடித்து நசுக்குவதைப் பழகிக்கொண்டிருக்கிறான். கேட்டால் சமாளித்துவிடுவேன் என்கிறான்.

களியக்காவிளை:

தோவாளை, அந்தப் பையனை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். அந்த வித்தையில் சமாளிப்பது என்று ஒன்று கிடையாது. 2016-ல் போலந்து தொலைக்காட்சியின் காலை நிகழ்ச்சியில் இதே வித்தையில் நிகழ்ச்சி நடத்திய பெண்ணின் கையில் ஆணி ஏறியது, நேரடி ஒளிபரப்பில். வித்தைக்காரர் கையில் இல்லை, நம்பிக் கையைக் கொடுத்தவர் கையில்.

1918-ல் லண்டனில் சுங் லிங் சூ என்ற பெயரில் சீனர் வேடம் போட்டு வித்தை செய்தவர், உண்மையில் அவர் அமெரிக்கர், துப்பாக்கிக் குண்டைப் பிடிக்கிற வித்தையில் மார்ச் 23 ராத்திரி நிஜமாகவே சுடப்பட்டார். பல வருடம் ஓடின துப்பாக்கி உள்ளே தேய்ந்துபோய், வெடிக்கக் கூடாத குழல் வெடித்துவிட்டது. மேடையில் ஆங்கிலமே பேசாதவர், அன்றைக்கு ஆங்கிலத்தில் ஏதோ நடந்துவிட்டது, திரையை இறக்குங்கள் என்றார். மறுநாள் இறந்தார். நம் நாட்டிலேயே 2019 ஜூன் மாதம் கொல்கத்தாவில் சஞ்சல் லாஹிரி கயிறும் சங்கிலியும் கட்டிக்கொண்டு ஹூக்ளி ஆற்றில் இறங்கினார், மேலே வரவில்லை. கரையில் நின்றவர்களுக்கு இது வித்தையா ஆபத்தா என்று தெரியவே இல்லை.

அதனால் இதில் என் கருத்து வேறு. உடம்புக்கு ஆபத்து உள்ள வித்தையில் அழகாக மீள்வது என்றால் வித்தையை நிறுத்துவதுதான். நிறுத்தச் சொல்வதற்கு ஒரு சொல் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும், அந்தச் சொல் வித்தைப் பேச்சில் வேறு எங்கும் வரக் கூடாது. அதைக் கேட்டதும் உதவியாளர் எதையும் யோசிக்காமல் விளக்கைப் போட்டு ஓடி வர வேண்டும். கூட்டம் என்ன நினைக்கும் என்று அந்த நேரத்தில் யாருமே கவலைப்படக் கூடாது.

வடசேரி அண்ணாச்சி:

முழுதாக ஒத்துக்கொள்கிறேன்.

இதோடு வங்காளத்து வித்தைக்காரர் பி.சி. சர்க்காரின் கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் வித்தை தப்பவே இல்லை, முடிவு மட்டும்தான் தப்பியது. 1956 ஏப்ரலில் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சியில் ஒரு பெண்ணை மேசையில் படுக்க வைத்துச் சுழலும் ரம்பத்தால் அறுத்தார். அறுத்து முடித்து எழுப்பப் போகிற நேரத்தில் நிகழ்ச்சி நடத்தியவர் குறுக்கே வந்து இத்தோடு முடிகிறது என்று சொல்லிவிட்டார், நேரம் ஆகிவிட்டது. அந்தப் பெண் எழுந்ததை வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பார்க்கவே இல்லை. செத்துப்போனாள் என்று நினைத்து பிபிசிக்குப் போன் மேல் போன். மறுநாள் பேப்பர் எல்லாம் அதுதான், அவருடைய லண்டன் காட்சிகளுக்குக் கூட்டம் குவிந்தது. சர்க்கார் வேண்டுமென்றே நேரத்தை அப்படி வைத்தார் என்று சொல்கிறவர்களும் உண்டு. எப்படி இருந்தாலும் பத்து நிமிடம் கொடுத்தால் எட்டு நிமிடத்துக்குத் தயார் செய்ய வேண்டும் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இதை வைத்துத்தான். நம்ம விழாக்களில் முன்னால் பேசுகிறவர் நேரத்தை எடுத்துக்கொள்வார், திடீரென்று "சீக்கிரம் முடி" என்று துண்டுக் காகிதம் வரும். எந்த வித்தையை விட்டுவிடலாம் என்று முன்னாலேயே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும்.

கருங்கல் அம்மா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அத்தனையையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். டிராயிங் சார் எழுதினதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம் அவளாகவே கட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சீட்டின் பெயரை முதலில் கேட்கிற வழியைத் தம்பியிடம் செய்து பார்த்தாள், பிடித்திருக்கிறது. ஆனால் அவள் கேட்டது இது: "வழி எல்லாம் தெரிஞ்சாலும் அந்த நிமிஷத்துல தலைக்குள்ள ஒண்ணுமே வராதே அம்மா, அப்போ என்ன செய்யணும்?" வெப்ராளம் பிடித்தால் அவளுக்குக் கை நடுங்கும்.

வடசேரி அண்ணாச்சி:

நல்ல கேள்வி. அறிவுள்ள பிள்ளை.

தலை வேலை செய்யாத நேரத்துக்குக் கையும் வாயும் தானாகச் செய்ய ஒரு வேலை வேண்டும். கைக்கு என்ன வேலை என்றால் கட்டை மேசையில் வைத்துவிடுவது. நடுக்கம் சீட்டில்தான் தெரியும், வெறுங்கையில் தெரியாது. வாய்க்கு ஒரு வாக்கியம் மனப்பாடமாக இருக்கட்டும், அது கேள்வியாக இருந்தால் நல்லது, கேள்வி கேட்டால் பதில் சொல்கிற வேலை எதிராளிக்குப் போய்விடும், நமக்கு நாலைந்து நொடி கிடைக்கும். "நீ சீட்டு எடுக்கும்போது நான் உன்னை அவசரப்படுத்தினேனா?" என்று நான் கேட்பேன். இல்லை என்பார்கள். "நடுவுல மாத்தணும்னு தோணுச்சா?" அதற்கும் ஏதாவது சொல்வார்கள். அதற்குள் மூச்சு சீராகிவிடும், அடுத்து எந்த அவுட் என்று மனதில் வந்துவிடும்.

வில்லுப்பாட்டில் பார்த்திருப்பீர்கள். புலவர் ஒரு அடியைச் சொல்லிவிட்டு நிற்பார், பக்கப்பாட்டுக்காரர் "ஆமா" என்று போட்டு அதே அடியைத் திருப்பிப் பாடுவார், குடம் ஓடிக்கொண்டே இருக்கும். புலவருக்கு அடுத்த அடி வராமல் போனாலும் கேட்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது. தம்பிதான் பக்கத்தில் இருக்கிறான் இல்லையா, அவனை மேடையில் மைக் பிடிக்க நிறுத்துங்கள், அவள் கட்டை மேசையில் வைத்தால் அதுதான் சைகை, உடனே அவன் மைக்கில் "என்ன சீட்டு எடுத்தே, கூட்டத்தில் யாருக்காவது தெரியுமா?" என்று கேட்கட்டும்.

அப்புறம் தப்பையே பழக வேண்டும். வீட்டில் அவள் செய்யும்போது தம்பிக்கு ரகசியமாக அனுமதி கொடுங்கள், பத்துத் தடவையில் எப்போது வேண்டுமானாலும் அவன் ஒரு தடவை கெடுக்கலாம். சீட்டைத் தப்பான இடத்தில் செருகலாம், கட்டைப் பிடுங்கித் திரும்பக் கலைக்கலாம், சீட்டின் பெயரை மாற்றிச் சொல்லலாம். எப்போது வரும் என்று அவளுக்குத் தெரியக் கூடாது. ஒரு வாரத்தில் அவள் முகம் மாறாது.

களியக்காவிளை:

அண்ணாச்சி சொன்ன பழக்கத்தோடு இன்னொன்று. கனடாவில் பிறந்த டாய் வெர்னன் என்ற பெரியவர், 1992-ல் 98 வயதில் இறந்தார், வித்தைக்காரர்கள் அவரைப் புரொபசர் என்றுதான் சொல்வார்கள். முடிவே தீர்மானிக்காமல் தொடங்குகிற ஒரு சீட்டு வித்தையை அவர் செய்வார். பார்க்கிறவர் என்ன சொல்கிறாரோ, கட்டில் என்ன தற்செயலாக நடக்கிறதோ அதை வைத்தே ஒவ்வொரு தடவையும் ஒரு முடிவைக் கண்டுபிடிப்பார். விளக்க முடியாத வித்தை என்றே அதற்குப் பெயர். சின்னப் பிள்ளைக்கு அது அதிகம்தான், ஆனால் அதன் ஒரு துண்டு அவளுக்கும் பயன்படும்: என்ன செய்யப் போகிறேன் என்று மேடையில் முன்கூட்டி அறிவிக்காதே. "உன் சீட்டை இப்போ கண்டுபிடிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டால் ஒரே முடிவுதான் உண்டு. "ஒரு சீட்டு எடு" என்று மட்டும் சொன்னால் எத்தனையோ முடிவு உண்டு.

முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கழக்கூட்டத்தில் இருக்கிற மேஜிக் பிளானட் என்கிற வித்தைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கேரள வித்தைக்காரர் கோபிநாத் முதுகாடு 2014-ல் தொடங்கியது, திருவனந்தபுரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான், நாகர்கோவிலிலிருந்து ரயிலிலேயே போய் வரலாம். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி வித்தைகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஒரே ஆள் ஒரே வித்தையைத் திரும்பச் செய்தால் அதையும் உட்கார்ந்து பார்க்கட்டும், ரெண்டு தடவைக்கும் என்ன வித்தியாசம் என்று தேடட்டும், அதில்தான் அவர்கள் எங்கே சமாளிக்கிறார்கள் என்று தெரியும்.

குலசேகரம் டிராயிங் சார்:

அம்மா, ஒரு கேள்வி எனக்கும் உண்டு. தப்பு நடந்துவிட்டால் அதே வித்தையைத் திரும்பச் செய்து காட்டலாமா? பிள்ளைகள் "மறுபடியும், மறுபடியும்" என்று கேட்பார்களே.

முட்டம் கடற்கரை:

சார், உடனே கூடாது. தப்பின வித்தையில் எங்கே பார்க்க வேண்டும் என்று இப்போது எல்லாருக்கும் தெரியும், ரெண்டாம் தடவை எல்லாக் கண்ணும் அந்த ஒரு இடத்தில்தான் இருக்கும். ரெண்டு வித்தை தள்ளி, வேறு ஒருவரைக் கூப்பிட்டு, வேறு முடிவோடு செய்யலாம். முதலில் வந்த பையனை அப்போது திரும்பக் கூப்பிட்டு அவன் கையிலேயே சரியான சீட்டு வரும்படி முடித்தால் ரொம்ப அழகு, அவனுக்கும் மனசு நிறையும்.

வரிசையும் முக்கியம். பலர் கஷ்டமானதைக் கடைசியில் வைக்கிறார்கள். நான் கடைசியில் வைப்பது எந்த நிலைமையிலும் தப்பாத ஒன்றை, சீட்டே இல்லாத ஒன்றை. நடுவில் என்ன ஆனாலும் அந்தக் கடைசி ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் ஜனங்கள் வீட்டுக்குப் போவார்கள்.

கருங்கல் அம்மா:

அவளுக்குக் கயிறு அறுத்து ஒட்ட வைக்கிற வித்தை நன்றாக வரும். அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன் என்கிறாள். இப்போது வீட்டில் துணி காயப்போடுகிற நைலான் கயிற்றில் செய்கிறாள், அது போதுமா?

வடசேரி அண்ணாச்சி:

நைலான் வேண்டாம் தங்கச்சி. விறைப்பாக நிற்கும், அறுத்த முனை பிரிந்து நூல் நூலாகத் தொங்கும், முடிச்சு இறுகாது. மெத்தென்ற வெள்ளைப் பருத்திக் கயிறு சுண்டுவிரல் கனத்தில் வாங்குங்கள், உள்ளே இருக்கிற நடுநூலை உருவி எடுத்துவிட்டால் நன்றாக மடங்கும். முனையில் கொஞ்சம் வெள்ளைப் பசை தடவிக் காய வைத்தால் பிரியாது. வீட்டில் பழக அவ்வளவு கயிறு அறுத்துத் தீர்க்க வேண்டாம் என்றால் பாவாடை நாடாவில் பழகலாம், மேடைக்கு அது மெல்லியது, பின்வரிசைக்குத் தெரியாது.

கத்தரிக்கோல்தான் பலர் கவனிக்காதது. பள்ளிக்கூடக் கத்தரிக்கோலால் கயிறு பாதி அறுந்து மீதி தொங்கும். தையற்கடைக் கத்தரிக்கோல், புதிதாகச் சாணை பிடித்தது, ரெண்டு கொண்டு போகச் சொல்லுங்கள். ஒன்று மேசையில், ஒன்று தம்பி பையில்.

கருங்கல் அம்மா:

சரி அண்ணாச்சி. கத்தரிக்கோல் ரெண்டு வீட்டிலேயே இருக்கிறது, சாணை பிடிக்கக் கொடுத்துவிடுகிறேன். சர்ச்சில் செய்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். மைக் ஸ்டாண்டு இருக்கிறதா என்று சவுண்ட் சர்வீஸ்காரரிடம் அவளே போன் போட்டுக் கேட்டாள்.